தண்ணீரில் கிடந்த பன்னிரண்டு க்யூப்

லெக்சரர் ஆன முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. பரிசோதனைக் கூடத்தில் எந்த மாணவனும் இயந்திரத்தைத் தொடுவதற்கு முன்பு என் பக்கம் திரும்பி அதைக் கேட்பான்.

"எவ்ளோ வரணும் சார்?"

என்ன வருகிறது என்று பார்க்கத்தான் பரிசோதனை. இவர்களோ என்ன வர வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டுதான் தொடங்குவார்கள். நான் மாணவனாக இருந்தபோதும் அப்படித்தான் கேட்டேன். அதனால் கோபித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை கிடையாது. கான்கிரீட் கட்டியை இயந்திரத்தில் அழுத்தி எத்தனை டன்னில் உடைகிறது என்று பார்க்கும் வகுப்பென்றால், "முப்பத்தெட்டுலேர்ந்து நாப்பத்திரண்டு டன்" என்று சொல்லிவிடுவேன். சொன்னால் வகுப்பு சீக்கிரம் முடியும். அந்தக் காலத்தில் எனக்கு எதுவாக இருந்தாலும் சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது.

ஐம்பதுகளின் பின்பாதி அது. சிவில் இன்ஜினியரிங்கில் பி.ஈ. முடித்துவிட்டு, பெங்களூரில் ஒரு கல்லூரியில் தற்காலிக லெக்சரராகச் சேர்ந்திருந்தேன். தற்காலிகம் என்றால் ஒவ்வொரு ஜூனிலும் புது உத்தரவு கைக்கு வரும்வரை வேலை உண்டா இல்லையா என்று தெரியாது. நிரந்தரமாக வேண்டுமானால் எம்.ஈ. பட்டம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வேலை பார்த்துக்கொண்டே அதே கல்லூரியில் படிக்க இடமும் கொடுத்தார்கள். பெரிய பாக்கியம் என்று நினைத்துத் தலையைக் கொடுத்தேன்.

காலையில் நான் வாத்தியார், மத்தியானம் மாணவன். ஜோகுபாளையத்திலிருந்து சைக்கிளை மிதித்து, அல்சூர் தாண்டி, சவுத் பரேடு வழியாக, கப்பன் பார்க்கின் மேட்டில் மூச்சு வாங்கி, முதல் மணிக்கு வகுப்பில் நிற்க வேண்டும். தற்காலிக ஆசாமி என்பதால் வெயிலில் நிற்கிற வேலையெல்லாம் என் தலையில். சர்வே வகுப்பில் சங்கிலியை இழுத்துக்கொண்டு மைதானம் முழுக்க நடப்பேன். பிறகு டிராயிங் ஹாலில் மூன்று மணி நேரம் ஒவ்வொரு பலகையாகக் குனிந்து நிமிர்வேன். அது முடிந்ததும் கையிலிருக்கும் சாக்பீஸ் தூசியைத் தட்டிக்கொண்டு பின்கட்டிடத்துக்கு ஓடி, எம்.ஈ. வகுப்பில் பெஞ்சில் உட்கார வேண்டும். ஒரு வாரம் நேரம் தவறி வந்த நான்கு பேருக்கு நான் ஆப்சென்ட் போட்டேன். அதே வாரம் எனக்கும் ஒரு ஆப்சென்ட் விழுந்தது. ஜன்னல் வழியாக அந்த நான்கு பேரும் என்னை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நானாக இருந்தாலும் பார்த்திருப்பேன்.

இந்த அலைச்சலுக்கெல்லாம் காரணம் ஒரு வீடு. என் அப்பா கோலார் தங்கவயலில், சுரங்கத்துக்குள் கூரை சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தவர். சுரங்கத்து ஆட்களுக்கு லைன் வீடு உண்டு. வேலை இருக்கும்வரைதான் அந்த வீடும். சர்வீஸ் முடிந்த மறுமாதமே காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அப்பாவுக்கு வருஷக் கடைசியில் சர்வீஸ் முடிகிற வருஷம் ஒன்று நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் நான் நிரந்தரமாகி, கல்லூரி கொடுக்கும் இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ் வாங்கி, அப்பாவையும் அம்மாவையும் அங்கே கூட்டிவந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஜோகுபாளையத்தில் நானும் என் மனைவியும் இருந்தது ஒரு அறையும் அடுப்படியும். இரண்டு தகரப் பெட்டிகளின் மேல் டிராயிங் பலகையைக் கிடத்தி அதைத்தான் மேஜை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அங்கே இன்னும் இரண்டு பேர் படுப்பதென்றால் யாராவது ஒருவர் நின்றுகொண்டுதான் தூங்க வேண்டும்.

ஆராய்ச்சிக்கு நான் எடுத்துக்கொண்டது சுர்க்கி. நன்றாகச் சுட்ட செங்கல்லை இடித்துச் சலித்த பொடி. சிமெண்டுக்கு பர்மிட் வாங்கிக்கொண்டு காத்துக் கிடந்த காலம் அது. சிமெண்டில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் சுர்க்கியைப் போட்டால் கான்கிரீட் தாங்குமா என்பதுதான் கேள்வி. தொடக்கத்தில் அது பின்தங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நாளாக ஆக வலுவேறி, ஒன்றரை வருடத்தில் முழுச் சிமெண்ட் கான்கிரீட்டை எட்டிப் பிடித்துவிடும் என்பது என் வாதம். எட்டிப் பிடித்தால் எனக்கு எம்.ஈ. பட்டம். பிடிக்காவிட்டால் அதுவரை எழுதியதை எல்லாம் மாற்றி எழுத வேண்டும்.

நான்கு கலவைகள் போட்டேன். ஏ என்பதில் சுர்க்கியே கிடையாது. பி, சி, டி என்று போகப்போக சுர்க்கி கூடும். ஒவ்வொன்றிலும் ஆறங்குல அச்சுகளில் கட்டிகள் வார்த்தேன். க்யூப் என்போம். வார்த்த மறுநாள் அச்சைக் கழற்றி, உடைக்கிற நாள்வரை தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவைப்பது முறை. இருபத்தெட்டு நாள், மூன்று மாதம், ஆறு மாதம் என்று ஒவ்வொரு கெடுவிலும் சிலவற்றை உடைத்துக் கணக்கெடுத்துவிட்டேன். கலவைக்கு மூன்றாக, கடைசிப் பன்னிரண்டு க்யூப்கள் ஒன்றரை வருடத்துக்கென்று தொட்டிக்குள் முன்வரிசையில் கிடந்தன. என் ஆராய்ச்சியே அந்தப் பன்னிரண்டுதான்.

இங்கே எங்கள் கூடத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். க்யூப் ஈரமாக இருக்கும்போதே ஆணியால் அதன் தலையில் எழுத்தையும் வார்த்த தேதியையும் கீறுவோம். தேதி என்றால் நாளும் மாதமும் மட்டும். வருஷத்தை யாரும் போட்டதில்லை. மாணவர்கள் வார்க்கும் க்யூப் இருபத்தெட்டாம் நாள் உடைந்துவிடும், அதற்கு வருஷம் எதற்கு? நானும் அந்தக் கூடத்தில் படித்து வந்தவன்தானே, என் பன்னிரண்டிலும் நாளையும் மாதத்தையும் மட்டும் கீறினேன். வார்த்தது சங்கராந்தி விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த அன்று. இரண்டாம் வருஷ மாணவர்களின் கான்கிரீட் வகுப்பும் ஆண்டுதோறும் அதே நாளில்தான் தொடங்கும். அவர்களும் நான்கு குழுக்கள். ஏ, பி, சி, டி. குழுவுக்கு மூன்று க்யூப்.

எழுதும்போது இப்போது பளிச்சென்று தெரிகிறது. அன்றைக்கு என் மரமண்டைக்கு எட்டவில்லை.

அந்த வருஷம் மாணவர்களின் க்யூப்களை நானே பார்த்து எடுத்துக் கொடுத்ததால் குழப்பம் வரவில்லை. மறு வருஷ சங்கராந்தி வந்தது. மாணவர்கள் தங்கள் பன்னிரண்டை வார்த்தார்கள், அதே நாள், அதே மாதம், அதே எழுத்துகள். இருபத்தெட்டாம் நாள் உடைக்கும் வகுப்பு. அந்த நேரத்தில் எனக்கு எம்.ஈ.யில் தேர்வு ஒன்று வைத்துவிட்டார்கள். வாத்தியார் வகுப்பை விட்டுவிட்டு மாணவன் தேர்வுக்குப் போக வேண்டிய நிலை. கூடத்து அட்டெண்டரிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். ஜோகுபாளையத்தில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவர். தெருவில் என்னைத் தம்பி என்பார், கல்லூரிக்குள் சார் என்பார். இயந்திரத்தை ஓட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. இன்ன தேதி போட்ட க்யூப்களை எடுத்து, எழுத்துப்படி குழுக்களுக்குக் கொடுத்து உடைக்கவும் என்று எழுதியிருந்தேன். சீட்டில் தவறே கிடையாது. அவரும் சீட்டில் இருந்ததைத்தான் செய்தார். தொட்டியில் அந்தத் தேதியில் இருபத்துநான்கு க்யூப் கிடந்ததும், பாசி படிந்து எல்லாம் ஒரே பச்சையாக இருந்ததும், கைக்கு முதலில் எட்டிய பன்னிரண்டை அவர் எடுத்ததும் பிறகு தெரியவந்த சங்கதிகள்.

தேர்வு எழுதிவிட்டு வந்தபோது கூடத்தைக் கூட்டிக் கழுவி முடித்திருந்தார்கள். உடைந்த துண்டுகள் பின்வாசலில் பள்ளம் நிரப்பப் போய்விட்டன. அப்பாடா, ஒரு வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருபது ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தேன். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ரெக்கார்டு திருத்துவது என்பது படிப்பது அல்ல. எண் முப்பத்தெட்டுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவில் இருக்கிறதா, கோடு நேராக இருக்கிறதா, கையெழுத்து. அவ்வளவுதான். பத்தொன்பது நோட்டும் ஒழுங்காக இருந்தன. டி குழுவில் ஒருவன் மட்டும் வரம்பை விட்டு எங்கேயோ போன ஒரு எண்ணைச் சராசரி என்று எழுதியிருந்தான். அதோடு நில்லாமல், 'உடைந்த பரப்பு உட்புறம் சிவப்பாக இருந்தது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும் சேர்த்திருந்தான். கான்கிரீட் சிவப்பாக இருக்குமா? தூங்கிக்கொண்டே எழுதியிருக்கிறான் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். அந்த வரியை அடித்தேன். ஓரத்தில், 'தவறு. இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுது' என்று எழுதினேன். நோட்டை மூடி அடுத்ததை எடுத்தேன்.

ஜூலையில் ஒன்றரை வருடக் கெடு வந்தது. ஆகஸ்டில் ஆராய்ச்சியைக் கொடுத்தாக வேண்டும், செப்டம்பரில் நிரந்தர வேலைக்கு நேர்முகம், டிசம்பரில் அப்பாவின் சர்வீஸ் முடிவு. எல்லாம் வரிசையாக நின்றன. கடைசி அட்டவணைக்கு வெறும் கட்டங்களை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தேன். அட்டெண்டர் தொட்டியிலிருந்து பன்னிரண்டையும் தூக்கிப் பாசியைத் தேய்த்துத் துடைத்து வைத்தார். எண்ணினேன். பன்னிரண்டு. தேதி சரி. எழுத்து சரி. எனக்கு வேண்டியது டி என்பதால் அதையே முதலில் இயந்திரத்தில் வைக்கச் சொன்னேன்.

முள் ஏறியது. எதிர்பார்த்ததற்கு வெகு முன்பாகவே பட்டென்று உடைந்தது. அட்டெண்டர் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார், உள்ள செங்கல் பொடியே காணோம்?"

வாங்கிப் பார்த்தேன். சாம்பல் நிறம். சுத்தமான சாம்பல். இன்னொரு டியை உடைக்கச் சொன்னேன். அதுவும் சாம்பல். ஆறு மாதத்துக்கு முன்பு இருபது பிள்ளைகள் வார்த்துவிட்டுப் போன சாதாரண கான்கிரீட் அது. 'உட்புறம் சிவப்பாக இருந்தது' என்று நான் அடித்த வரி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அங்கேயே மணல் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அட்டெண்டருக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் அந்த மனிதர் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். அவரைச் சமாதானப்படுத்துவதே எனக்குப் பெரும்பாடாகிவிட்டது.

கொஞ்சம் நிதானம் வந்தபோது ஒரு நப்பாசை தோன்றியது. க்யூப் போனால் போகிறது, எண் எங்காவது இருக்குமே! பிப்ரவரியில் உடைத்தபோது அவற்றின் வயது பதின்மூன்று மாதம். பதின்மூன்று மாதக் கணக்கே எனக்குத் தாராளமாகப் போதும். முழுச் சிமெண்டான ஏ கலவை ஆறு மாதத்துக்குப் பிறகு பெரிதாக ஏறாது, அது அறுபது டன் பக்கம் நிற்கும் என்று தெரியும். டி எவ்வளவு தாங்கியது என்று மட்டும் தெரிந்தால் போதும். அலமாரியில் கட்டிவைத்திருந்த ரெக்கார்டு நோட்டுகளை இறக்கினேன்.

இருபது நோட்டு. எதைப் பிரித்தாலும் முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று. ஏ குழுவுக்கும் அதே, டி குழுவுக்கும் அதே. நான்கு விதமான கான்கிரீட்டை உடைத்துவிட்டு, கண்ணெதிரே சிவப்பாகப் பிளந்ததைப் பார்த்துவிட்டு, 'நிறம் சாம்பல்' என்று பத்தொன்பது பேர் எழுதியிருந்தார்கள். வேறு எதை எழுதுவார்கள்? வேறு எதை எழுதினாலும் நான் வட்டம் போடுவேனே. வட்டம் வாங்கியவனின் நோட்டிலும் ஒரு புதுப் பக்கம் அழகாக ஒட்டியிருந்தது. நாற்பதரை டன் என்று இருந்தது.

அவன் மூன்றாம் வருஷத்துக்குப் போயிருந்தான். டிராயிங் ஹாலில் பாலம் ஒன்றை வரைந்துகொண்டிருந்தவனை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். அவனும் தங்கவயல்காரன்தான், லைன் வீட்டுப் பிள்ளை. என்ன தப்புப் பண்ணினோம் என்கிற முகத்தோடு வந்து நின்றான்.

பிப்ரவரியில் எழுதின அந்தப் பழைய பக்கம் எங்கே என்று கேட்டேன்.

"கிழிச்சுட்டேன் சார். நீங்கதானே கிழிக்கச் சொன்னீங்க."

எண் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அவன் மேலே பார்த்தான், கீழே பார்த்தான். உண்மையாகவே யோசித்தான், பாவம்.

"எட்டுல முடிஞ்சுது சார். நாப்பத்தெட்டா அம்பத்தெட்டான்னுதான் தெரியல."

நாற்பத்தெட்டு என்றால் டி தோற்றது. ஐம்பத்தெட்டு என்றால் கிட்டத்தட்ட எட்டிப் பிடித்துவிட்டது. நானும் அந்த எண்ணைப் பார்த்தவன்தான். அதைச் சுற்றி வட்டம் போட்டவனே நான்தான். அந்த வட்டம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. மை கொஞ்சம் கசிந்திருந்தது, வட்டம் கோணலாக இருந்தது. உள்ளே இருந்த எண் மட்டும் வர மாட்டேன் என்கிறது. நன்றாக யோசித்துச் சொல்லப்பா என்று அவன் தோளைப் பிடித்துக் கெஞ்சாத குறையாகக் கேட்டேன். என் குரலில் இருந்த அவசரம் அவனுக்குப் புரிந்துவிட்டது. வாத்தியாருக்கு ஏதோ உதவி தேவை என்று தெரிந்ததும் அந்த முகம் தெளிந்தது. மெதுவான குரலில், மரியாதையாகக் கேட்டான்.

"எவ்ளோ வரணும் சார்?"

அவனை அறையத் தோன்றியது என்று சொன்னால் பொய். அழத் தோன்றியது. போய் வரைப்பா என்று அனுப்பிவிட்டு வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றேன். அவன் என்னைக் கேலி செய்யவில்லை. இரண்டு வருஷமாக நாங்கள் கற்றுக்கொடுத்ததைத்தான் சரியாகச் செய்தான்.

எனக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். கன்னடக்காரர், நல்ல மனிதர், என் மேல் பிரியம் உள்ளவர். பையன் ஐம்பத்தெட்டாகவும் இருக்கலாம் என்கிறான் அல்லவா, ஆறு மாதம் வரையிலான உன் வளைகோடும் அந்தப் பக்கம்தானே போகிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிறகு, எம்.ஈ. முடித்த இன்னொருவர் அந்த இடத்துக்கு மனுப் போட்டிருக்கிறார் என்று, சம்பந்தமில்லாததுபோலச் சொன்னார். ஆகஸ்டுக்குள் கொடுத்தால் உனக்கு, இல்லாவிட்டால் அவருக்கு. பொய் எழுது என்று அவர் சொல்லவில்லை. எழுதினால் நான் பார்க்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். திரும்ப வார்த்தால் இன்னும் ஒன்றரை வருஷம் என்றதும் அவள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அம்பத்தெட்டுன்னு எழுதுனா யாரு வந்து ஒடச்சுப் பாக்கப் போறாங்க?"

"யாரும் பார்க்க மாட்டாங்க. நம்பிக் கட்டுவாங்க" என்றேன்.

அவள் கோபம் அடங்கவில்லை. அடங்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்த அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "அப்ப மாமாவுக்குக் கட்டில் எங்க போடறது, அதச் சொல்லுங்க" என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நான் பெரிய உத்தமன் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. அந்தப் பொய்யை எழுதத்தான் பார்த்தேன். மறுநாள் மாலை அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு, டி என்ற கட்டத்தில் பென்சிலால் ஐந்து போட்டேன். பக்கத்தில் எட்டுப் போட்டேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு வர வேண்டுமோ அவ்வளவு வந்திருந்தது. என் கை தானாகவே போய் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. திருத்தித் திருத்தி வந்த பழக்கம், வேறென்ன. வட்டம் விழுந்த பிறகு அந்த எண்ணை என்னால் மைபோட்டு எழுத முடியவில்லை. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். கிழிப்பதில் எனக்கு நல்ல பயிற்சி இருந்தது.

அந்த வாரமே புதிதாகப் பன்னிரண்டு வார்த்தேன். அட்டெண்டர் எதையும் என்னைத் தொட விடவில்லை, அவரே கலந்தார், அவரே குத்தினார். தலையில் கீறும்போது நாள், மாதம், வருஷம், போதாததற்கு என் பெயரின் முதலெழுத்தையும் போட்டேன். தொட்டியில் அவற்றுக்கும் மாணவர்களின் க்யூப்களுக்கும் நடுவே அட்டெண்டர் ஒரு பலகையை நிறுத்தினார். செப்டம்பரில் நிரந்தர உத்தரவு அந்த இன்னொருவருக்குப் போனது. கைகொடுத்து வாழ்த்தினேன். குவார்ட்டர்ஸில் அவர்தான் குடியேறினார். வாசலில் செம்பருத்திச் செடி வைத்தார். தினமும் அதைத் தாண்டித்தான் நான் சைக்கிளை நிறுத்தப் போக வேண்டும்.

டிசம்பரில் அப்பாவும் அம்மாவும் லைன் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, பங்காரப்பேட்டையில் ரயில் மாறி வந்து சேர்ந்தார்கள். ஒரு கட்டில், இரண்டு பெட்டி, ஒரு ஆட்டுக்கல். கட்டிலை என் மேஜைக்கு முன்னால் போடத்தான் இடம் இருந்தது. அப்பா படுத்திருந்தால் நான் மேஜைக்குப் போக முடியாது. நான் உட்கார்ந்திருந்தால் அவர் காலை நீட்ட முடியாது. சுரங்கத் தூசி நெஞ்சில் தங்கிவிட்டது, இருமல் நிற்காது. அந்தப் பக்கம் இருமிக்கொண்டே இருப்பார், இந்தப் பக்கம் நான் ரெக்கார்டு திருத்துவேன். அடுப்படியில் அம்மாவும் மனைவியும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சமைத்தார்கள், படுத்தார்கள். ஏன் இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை என்று அப்பா ஒருமுறைதான் கேட்டார். க்யூப் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கிறது என்றேன்.

வகுப்பில் "எவ்ளோ வரணும் சார்?" வந்துகொண்டுதான் இருந்தது. "தெரியாது, உடைச்சுப் பாரு" என்று சொல்ல ஆரம்பித்தேன். அந்த ஆளுக்கு சப்ஜெக்ட் தெரியாது என்று மாணவர்களிடையே பேச்சுக் கிளம்பியது. துறைத் தலைவருக்குப் புகார்கூடப் போனது. விளக்கம் சொல்லத் தெம்பில்லாமல் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்தேன். சோர்ந்துபோன சில நாட்களில் முப்பத்தெட்டுலேர்ந்து நாப்பத்திரண்டு என்று சொல்லியும் இருக்கிறேன்.

ஒன்றரை வருடம் முடிந்து, அந்த நாள் மறுபடி வந்தது. அட்டெண்டர் குளித்துத் திருநீறு இட்டுக்கொண்டு வந்திருந்தார். டியை வைத்தார். முள் ஏறியது. நாற்பதைத் தாண்டியது, நாற்பத்தைந்தைத் தாண்டியது. இன்னும் போ, இன்னும் போ என்று வாய்விட்டே சொன்னேன். ஐம்பதைத் தொடாமல் உடைந்தது. மூன்றையும் உடைத்தோம். சராசரி நாற்பத்தொன்பது. ஏ கலவை அறுபதில் நின்றது. துண்டை எடுத்துப் பார்த்தேன், உள்ளே நல்ல சிவப்பு.

அப்படியென்றால் அந்தப் பையன் பார்த்தது நாற்பத்தெட்டு. டி அன்றைக்கே தோற்றுப்போயிருந்தது. நான் எழுதப் பார்த்தது ஐம்பத்தெட்டு.

எட்டிப் பிடிக்காது, இத்தனை சுர்க்கி ஆகாது என்று ஆராய்ச்சியை மாற்றி எழுத வேண்டும். அதற்கும் பட்டம் உண்டு என்று பேராசிரியர் சொன்னார். அடுத்த வருஷம் வேறொரு இடம் காலியாகும் என்றும் சொன்னார். தலையாட்டிவிட்டு சைக்கிளை எடுத்தேன்.

வீட்டுக்குப் போனபோது அப்பா கட்டிலில் படுத்திருந்தார். முடிவு தெரிகிற நாள் என்று மனைவி சொல்லி வைத்திருப்பாள் போலிருக்கிறது. தலையைத் தூக்கினார்.

"இன்னாடா ஆச்சு? தாங்குச்சா?"

"தாங்கலப்பா."

கொஞ்ச நேரம் இருமினார். இருமல் நின்றதும் என்னைப் பார்த்தார்.

"தாங்கலன்னுதான எழுதப்போற?"

"ஆமாப்பா."

"எழுது" என்றார். நான் மேஜைக்குப் போக வழிவிட்டு, இரண்டு காலையும் மடக்கிக்கொண்டார்.